ஆங்கில வகுப்பில் ஒரு சோதனை

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து இயற்பியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவரிடம் தனி ஊசலைப் பற்றித் தமிழில் கேட்டுப் பாருங்கள். நூலின் நீளத்தை நான்கு மடங்காக்கினால் அலைவு நேரம் இரு மடங்காகும் என்று தயங்காமல் சொல்வார். அதே வினாவை ஆங்கிலத்தில் நான்கு வரிகளாக அச்சிட்டுக் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்தாம் அவர். அறிவிலும் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடி நம் மாநிலத்துப் பள்ளிகளிலேயே ஒரு சோதனை நடந்தது. 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகெங்கும் பேசப்படும் அச்சோதனையை நம் ஊர்களில் அறிந்தவர் சிலரே.

முதலில் அதன் பின்னணி. 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில் ஆங்கிலங் கற்பிக்க 'அமைப்பு முறை' பரப்பப்பட்டது. சுமார் 27,000 ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நோக்குடன் தொடங்கிய இயக்கம் அது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி அளிக்க, உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தைப் போல வளரும் என்று எதிர்பார்த்தனர். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது இம்முறை. ஆசிரியர் கதவைத் திறந்துகொண்டே 'நான் கதவைத் திறக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்வார், வகுப்பும் சொல்லும். அவர் கதவைத் திறப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அச்சொற்றொடர் யாருக்கும் எதையும் தெரிவிக்கவில்லை.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு இதை எதிர்த்து எழுப்பிய கருத்து எளியது. மாணவனின் மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போதுதான் மொழியின் இலக்கணம் அவனறியாமல் அவனுள் அமைகிறது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களில் சில பள்ளி வகுப்புகளை எடுத்துக்கொண்டு, இலக்கண வரிசையே இல்லாத பாடத்திட்டத்தை அவரும் நண்பர்களும் நடத்திப் பார்த்தனர். 1987இல் வெளிவந்த அவருடைய நூல் இச்சோதனையின் வரலாற்றைச் சொல்கிறது.

வகுப்பில் நடப்பதை நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். கரும்பலகையில் ஒரு கற்பனைப் புகைவண்டி அட்டவணை: ஒரு வண்டி காலை 6.10க்குக் காரைக்குடியை விட்டு 7.55க்குத் திருச்சியை அடைகிறது, மற்றது 7.30க்குப் புறப்பட்டு 8.50க்கு. திருச்சியில் 9 மணிக்கு ஒரு நேர்காணல். நிலையத்திலிருந்து அங்கே செல்ல 30 நிமிடம். கோவிலூரிலிருந்து காரைக்குடி நிலையத்துக்கு 20 நிமிடம். எந்த வண்டி? வீட்டைவிட்டு எப்போது கிளம்ப வேண்டும்? ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். புரியாவிட்டால் வேறு சொற்களில் கேட்கிறார். இன்னும் புரியாவிட்டால் வினாவை இரண்டாக உடைக்கிறார். மாணவன் '5.50' என்று எண்ணை மட்டும் சொன்னாலும் விடை சரியே. இப்படி வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கணக்கைத் தீர்த்தபின், அதைப் போன்ற இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியே எழுத்தில் தீர்க்க வேண்டும். மதிப்பெண் விடைக்கு; வாக்கியப் பிழைக்குக் கழிவு இல்லை.

இத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது, கடினத்தை அளக்க பிரபு கையாண்ட அளவுகோல். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர், கொடுத்த பணியில் பாதியளவாவது சரியாகச் செய்தால் பணி தகுந்தது. அதற்குக் குறைந்தால் நாளைய பணியை எளிதாக்க வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் செய்துவிட்டால் கடினமாக்க வேண்டும். நிறைகல்லைக் கூட்டியும் குறைத்தும் தராசைச் சமன் செய்வது போன்ற இந்தத் திருத்தத்துக்கு நிபுணர் குழு வேண்டா. அன்று மாலை விடைத்தாள்களைப் புரட்டினால் போதும்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டீபன் கிராஷென், கற்பவர் இப்போது அறிந்த நிலைக்கு ஒரு படி மேலாக, ஆயினும் புரியும்படியாக வந்து சேரும் மொழியே மொழியை வளர்க்கிறது என்று வாதிட்டார். இக்கருத்தின் பெயரால் இன்று வகுப்பறையில் ஆடல், பாடல், பொம்மலாட்டம், குழு விளையாட்டு எல்லாம் புகுந்துள்ளன. சிறு வகுப்புகளுக்கு அவை நல்லவையே. ஆனால் கலகலப்பு வேறு, புரிதல் வேறு. பாட்டைக் கைதட்டிப் பாடும் குழந்தைக்கு அதன் பொருள் தெரியாமலே இருக்கலாம்; வண்டியைத் தேர்ந்தெடுக்கும் மாணவனுக்குப் பொருள் தெரியாமல் ஓர் அடியும் நகர முடியாது. குழு வேலையை பிரபு வேண்டுமென்றே ஒதுக்கினார் என்பதும் கவனிக்கத்தக்கது. மாணவர்கள் தமக்குள் பேசினால் ஒருவர் பிழையை மற்றவர் கற்பர். ஆசிரியரின் திருந்திய மொழி செவியில் விழுவது குறையும் என்பது அவர் காரணம். இதை நான் முழுதும் ஏற்கவில்லை. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் வாய்திறக்காமலே ஆண்டைக் கழிக்கும் மாணவனுக்கு இது நியாயமாகாது.

இலக்கணப் புத்தகமின்றி மொழி வருமா என்று ஐயுறுபவர் செட்டிநாட்டின் பழைய வட்டிக்கடைகளை எண்ணிப் பார்க்கலாம். பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறிய சிறுவன், கடன் கேட்டு வந்தவர் பேச்சைக் கேட்டும் கணக்கைச் சொல்லியும்தான் பர்மிய மொழியைப் பழகினான். ஆனால் இந்த உவமையே பிரபுவின் திட்டத்துக்கு ஒரு தடையையும் காட்டுகிறது. நாளுக்கு 45 நிமிடம், ஆண்டுக்கு 200 நாள் என்றால் பள்ளி மாணவனுக்குக் கிடைப்பது 150 மணி. நாளுக்கு எட்டு மணி நேரம் கடையில் இருந்த பையனுக்கு அது 19 நாள் கணக்கு! மொழி தானாக அமையும் என்றால், எத்தனை மணி நேரத்தில் அமையும் என்ற கேள்விக்கு நூலில் அளவான விடை இல்லை. இது சிறு குறையன்று.

சோதனையின் முடிவுகளை ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் ஆய்ந்து 1985இல் வெளியிட்டனர். வாக்கிய அமைப்பைச் சோதித்த தாளில் பழைய முறை வகுப்புகள் முந்தின. செயற்பணித் தாளில் புதுமுறை வகுப்புகள் முந்தின. இதில் வியப்பில்லை. மெட்ரிக் முள்சாவிக்கு மெட்ரிக் மரைதானே பொருந்தும். எந்த முறைக்கும் சாராத தாள்களில் புதுமுறையின் பக்கமே பெரும்பாலும் சாய்வு இருந்தது. இதுவே உண்மையான சான்று. எனினும் இயற்பியல்காரன் கண்ணுக்கு ஒரு பெருங்குறை தெரிகிறது. முறையை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்தால்தான் சோதனை. இங்கே வகுப்புகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. புதுமுறையைக் கற்பித்தவர்களில் பலர் ஆர்வத்தோடு முன்வந்த, ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் தகுதியுடையவர்கள். வென்றது முறையா, ஆசிரியரா? சாதாரண வகுப்பாசிரியர்கள் இம்முறையைக் கையாளத் திணறினர் என்று பெரெட்டாவே 1990இல் எழுதினார். முன்தயாரிப்பு இல்லாத ஆங்கிலத்தில் நாற்பது நிமிடம் கேட்டும் மாற்றிக் கேட்டும் நிற்பது எளிதன்று. அமைப்பு முறையில் வாக்கியங்களாவது கையில் இருந்தன.

ஆகவே இதை ஆங்கில ஆசிரியர் தலையில் மட்டும் சுமத்தாமல் அறிவியல் ஆசிரியரும் பங்குகொள்ளலாம் என்பது என் கருத்து. இரண்டு விளக்குகளைத் தொடராக இணைத்த மின்சுற்றின் படம். ஒரு விளக்கு எரிந்துபோனால் மற்றது என்னாகும்? பக்க இணைப்பில்? வினாக்கள் ஆங்கிலத்தில், சிந்தனை மாணவனுக்கு ஏற்கெனவே பழகியது. பொருள் தெரிந்திருப்பதால் மொழி ஒன்றே புதிது.

நூலின் பின்னிணைப்பில் பணிகளின் பட்டியல் உள்ளது: வரைபடம், நாட்காட்டி, பள்ளிக் கால அட்டவணை, தூரங்கள், பிறந்த ஆண்டும் வயதும். பெரும்பாலானவற்றை நாளைக்கே வகுப்பில் பயன்படுத்தலாம். சொல்லைக் குறைத்துத் தந்தி எழுதும் பணியை மட்டும் மாற்றியாக வேண்டும். இந்தியாவில் தந்திச் சேவை 2013இல் நின்றுவிட்டது.