பெயரைப் பார்த்து அழிக்காதீங்க

நிரலை நீக்கின பிறகு மிச்சக் கோப்புகளைத் துடைக்க எல்லாரும் சொல்ற வழி ஒண்ணு இருக்கு. ஃபைண்ட் கட்டளைக்கு நிரலின் பெயரைக் கொடு, கிடைப்பதையெல்லாம் ஆர்எம் கட்டளைக்குத் தள்ளு. ஒரே வரி. நானும் பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். அது தப்பான ஆலோசனை.

திருவொற்றியூரில் எங்க தெருப் பையன், பாலிடெக்னிக் கடைசி வருஷம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. உள்ளே சி-டாக்கின் பாஸ் லினக்ஸ், டெபியன் வழி வந்தது. "அண்ணா, ஆர்டுயினோ ஓட மாட்டேங்குது, சுத்தமா எடுத்துட்டுப் புதுசா போட்டுக் குடுங்க" என்றான். ஏப்டி ரிமூவ் கொடுத்தேன், பிறகு அந்த ஒரே வரி. அவன் ஹோமில் இருந்த 'ஆர்டுயினோ' ஃபோல்டரும் போயிடுச்சு. அது மென்பொருளின் மிச்சம் இல்லை. ப்ராஜெக்டுக்கு அவன் எழுதின நிரல்கள் அத்தனையும் அதில்தான். பயனர் எழுதுவதை அந்த மென்பொருள் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் சேமிக்கும். எக்லிப்ஸும் அப்படித்தான், 'எக்லிப்ஸ்-ஒர்க்ஸ்பேஸ்' என்று.

இந்த வழியின் கோளாறு, பெயர் ஒத்துப்போவதை உரிமைக்குச் சான்றாக எடுத்துக்கிறது. துறைமுகத்துல கன்டெய்னரை நிறம் பார்த்தா எடுக்கிறாங்க? நாலு எழுத்து, ஏழு எண், கூடவே காகிதம்.

டெபியனிலும் அந்தக் காகிதம் இருக்கு. டிபிகேஜி கட்டளையோடு பெரிய 'எஸ்' போட்டுக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், எந்தத் தொகுப்பு அதைக் கொண்டுவந்தது என்று சொல்லும். சின்ன 'எல்' போட்டால் வரும் பட்டியலில், வரித் தொடக்கத்தில் 'ஆர்சி' என்று இருந்தால், நிரல் போயிடுச்சு, அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம் என்று அர்த்தம். அதுக்கு ஏப்டி பர்ஜ். துணைக்கு வந்து இப்போ யாருக்கும் தேவைப்படாத தொகுப்புகளுக்கு ஆட்டோரிமூவ். ஃபைண்ட் வேணும்னா, முதலில் பட்டியலை மட்டும் எடுத்துப் படிக்கணும். அதன் 'டெலீட்' தேர்வைப் பெயர் நிபந்தனைக்கு முன்னாடி எழுதிட்டா, பெயரைப் பார்க்காமலேயே எல்லாத்தையும் அழிச்சிடும்.

பர்ஜ்கூட ஹோமைத் தொடாது. ரொம்ப நாள் அதை ஒரு குறையாத்தான் நினைச்சேன். ஆனா அங்கே இருப்பதில் எது மென்பொருளுடையது, எது மனுஷனுடையது என்று அதுக்குத் தெரியாது, தெரியாததால் கைவைக்கல. புள்ளியில் தொடங்கும் 'ஆர்டுயினோ15' மென்பொருளுடையது, புள்ளி இல்லாத 'ஆர்டுயினோ' அவனுடையது. திறந்து பார்த்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்.

மூணு ராத்திரி உட்கார்ந்து அவன் மறுபடி எழுதினான். நானும் கூட உட்கார்ந்தேன்.