மூன்றாம் கிளாரினெட்டில் ஒளிந்திருப்பவர்கள்

'உங்களால் முடிந்த அளவே போதும்.' நியூ ஹொரைஸன்ஸ் இயக்கத்தின் தாரக மந்திரம் இது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியைச் சேர்ந்த ராய் எர்ன்ஸ்ட், வயதான காலத்தில் முதன்முதலாக வாத்தியம் பழக வருகிறவர்களுக்கென்று 1991இல் ஒரு பேண்டு தொடங்கினார். அது பல ஊர்களுக்குப் பரவியது. கூடவே இந்த வாசகமும் பரவியது. அறுபத்தைந்து வயதில் கிளாரினெட் ரீடை முதல்முறை உதட்டில் வைப்பவரின் நடுக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மருந்தையே மூன்று வேளைச் சாப்பாடாக்கிக்கொண்டதுதான் தொந்தரவு.

இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சர்ச் கூடங்களிலும் பள்ளி அரங்குகளிலும் வாரம் ஒரு மாலை கூடி வாசிக்கிற அமெச்சூர் கிளாரினெட் குழுக்களைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் உடனே இந்த வாசகம் கேடயமாக வந்து நிற்கிறது. போதாததற்கு இப்போது ஆரோக்கிய முத்திரை வேறு. நோயாளியை மருந்துக் கடைக்கு மட்டுமல்லாமல் பாட்டுக் குழுவுக்கும் தோட்ட வேலைக்கும் அனுப்புகிற 'சமூகப் பரிந்துரை', 2019இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையின் நீண்டகாலத் திட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. கூடி வாசித்தால் மூச்சுக்கு நல்லது, ஞாபகத்துக்கு நல்லது, தனிமைக்கு நல்லது என்கிறார்கள். இருக்கட்டும். காலை நடையும்தான் நல்லது. அதற்கு யாரும் டிக்கெட் அச்சடித்து நாற்காலி போட்டு நம்மை உட்கார வைப்பதில்லை.

நல்லதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சிறிய ஈ-ஃப்ளாட் கிளாரினெட்டிலிருந்து ஆள் உயரத்துக்கு நிற்கும் கான்ட்ராபாஸ் வரை அந்தக் குடும்பம் முழுவதும் ஒன்றாக ஒலிக்கும்போது கிடைக்கிற அடர்த்தி வேறெந்தக் கூட்டத்திலும் கிடைக்காது. தொழில்முறை ஆர்க்கெஸ்ட்ராவில் அதற்கு இடமில்லை. அமெச்சூர்கள்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். தொழில்முறையாளர் கைவிட்டதை அமெச்சூர்கள் எடுத்துச் செய்வது பழைய, மரியாதைக்குரிய வழக்கமும்கூட. லண்டன் மார்லி கல்லூரியின் மாலை வகுப்பு மாணவர்களை வைத்துத்தான் இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட், இரு நூற்றாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடந்த பர்செல்லின் 'ஃபேரி குயீன்' இசையை 1911இல் மேடையேற்றினார். இதிலெல்லாம் எனக்கு மறுப்பில்லை.

என் குறை பழையது. ஒரே பகுதியை நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் ஏற்பாடுதான் அது. குழுவில் இருபது பேர் என்றால் முதல் கிளாரினெட் ஐவர், இரண்டாவது ஐவர், மூன்றாவது ஐவர், மிச்சம் பேர் ஆல்ட்டோ, பாஸ் வகைகளுக்கு. ராணுவ பேண்டிலிருந்து வந்த வரிசை இது. திறந்தவெளியில், ட்ரம்பெட்டுகளுக்கும் முரசுகளுக்கும் நடுவே, ஒற்றைக் கிளாரினெட் காதில் விழாது என்பதால் அங்கே எண்ணிக்கை தேவைப்பட்டது. ட்ரம்பெட்டே இல்லாத ஒரு கூடத்தில் அந்த வரிசைக்கு என்ன வேலை?

அந்த வாத்தியத்தின் இயல்பே இந்த ஏற்பாட்டுக்கு எதிரானது. கிளாரினெட் பலமாக ஊதினால் சுருதி இறங்கும், மெல்ல ஊதினால் ஏறும். புல்லாங்குழல் இதற்கு நேர்மாறு. எல்லாரும் ஒரே அளவில் ஏறி இறங்கினாலாவது தப்பிக்கலாம். உதட்டின் பிடி ஆளுக்கு ஆள் வேறு, ரீட் வேறு, மவுத்பீஸ் வேறு, குளிர்ந்த கூடத்தில் குழல் சூடேற எடுக்கும் நேரமும் வேறு. ஒருவர் 440இல் நிற்க, பக்கத்து நாற்காலிக்காரர் 444இல் நின்றால் அந்த ஒற்றைச் சுரம் நொடிக்கு நான்கு தடவை விம்மும். ஐந்து பேர் ஐந்து இடத்தில் நின்றால் விம்மல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கலங்கிவிடும். ஆர்க்கெஸ்ட்ராவில் பதினாறு வயலின்கள் ஒரே வரியை வாசிப்பதில்லையா என்று கேட்பார்கள். வாசிக்கிறார்கள். வயலின்காரர்களின் விரல்கள் வைப்ராட்டோவில் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. அந்த அசைவுக்குள் சிறு பிசகுகள் கரைந்து பளபளப்பாகிவிடுகின்றன. மேற்கத்திய செவ்வியல் மரபில் கிளாரினெட் பெரும்பாலும் வைப்ராட்டோ இல்லாமல் நேர்க்கோடாக ஒலிக்கும் வாத்தியம். நேர்க்கோட்டுப் பக்கத்தில் இன்னொரு நேர்க்கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் இடைவெளி தெரியாமல் என்ன செய்யும்?

சுருதியைக்கூட மன்னிக்கலாம். மூன்றாம் கிளாரினெட் வரிசையில் நடப்பதை மன்னிப்பதுதான் கடினம்.

கிளாரினெட்டின் குழல் உருளை வடிவம். ஒரு முனை மூடியதுபோல நடந்துகொள்ளும். அதனால் அது புல்லாங்குழல்போல் எட்டாவது சுரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாவதுக்குத் தாவுகிறது. இதன் விளைவாக நடுவில் ஒரு சிக்கலான இடம் வருகிறது. துளைகள் எல்லாம் திறந்து கிடக்கும் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போக, ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே கணத்தில் சரியாக மூடியாக வேண்டும். வாசிப்பவர்கள் இதை 'பிரேக்' என்பார்கள். அதைக் கடக்கப் பழகியவரே வாத்தியத்தின் மேல் பாதியில் குடியேறுகிறார். மூன்றாம் பகுதிகள் பெரும்பாலும் இந்த இடத்துக்குக் கீழேயே எழுதப்படுகின்றன. கருணையாகத்தான் எழுதப்படுகின்றன. நடப்பது என்னவென்றால், ஒரு மனிதர் வருஷக்கணக்காக அந்த வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கடினமான இடம் வந்தால் ஊதுவதுபோல் விரலை மட்டும் அசைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் வாசித்துவிடுவார். அந்தப் பக்கத்து ஆளும் அதே நம்பிக்கையில்தான் விரலை அசைத்துக்கொண்டிருக்கிறார் என்பது சில கச்சேரிகளில் நன்றாகவே கேட்கும்.

கிளாரினெட் என்றதும் நம் பக்கத்தில் ஏ.கே.சி. நடராஜன் நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல. அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ வந்தது. நாகஸ்வரத்தின் கமகங்களை அந்தக் கட்டைகள் பூட்டிய குழலில் கொண்டுவந்த மேதைமைக்கு ரசிகர்கள் எப்போதோ பட்டம் கட்டிவிட்டார்கள். அவர் வாசித்த மேடையில் ஒளிந்துகொள்ள இடம் ஏது? அமெச்சூரிடம் அந்த வித்தையைக் கேட்கவில்லை. தான் ஊதுவது தனக்குக் கேட்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையை மட்டும் கேட்கிறேன்.

இந்தக் குழுக்களுக்காக வாதாடுகிறவர்களில் கெட்டிக்காரர்கள் இசை ஆய்வாளர் தாமஸ் டூரினோவைத் துணைக்கு அழைப்பார்கள். 2008இல் வந்த 'மியூசிக் ஆஸ் சோஷியல் லைஃப்' நூலில் அவர், பங்கேற்புக்கான இசை வேறு, நிகழ்த்துதலுக்கான இசை வேறு, ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளக்கக் கூடாது என்றார். சரியான வாதம்தான், இவர்களுக்கு மட்டும் பொருந்தாது. டூரினோ ஆராய்ந்த பெருநாட்டுக் கொனிமா ஊரின் குழல்காரர்கள், சுரவரிசையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இருவர் இருவராகப் பின்னி வாசிப்பவர்கள். அங்கே ஒருவர் நிறுத்தினால் அவருடைய ஜோடியின் ராகத்தில் ஓட்டை விழும். எதிரே நாற்காலி வரிசையும் கிடையாது. நமக்குத் தெரிந்த உதாரணம் திருவையாறு: பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடுகிற கோஷ்டிக்குப் பாட்டு மனப்பாடம், கண்டக்டர் இல்லை, பாட்டு தியாகையருக்கு. (நேரலைக் கேமரா வந்த பிறகு முன்வரிசைக்கு என்ன ஆயிற்று என்பது வேறு கதை.) கிளாரினெட் குழுவிலோ கண்டக்டர் இருக்கிறார், சீருடை இருக்கிறது, நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, இடைவேளையில் காபி இருக்கிறது, கடைசியில் எழுந்து நின்று கைதட்டல் வாங்கிக்கொள்வதும் இருக்கிறது. கச்சேரியின் அத்தனை அணிகலனையும் பூட்டிக்கொண்டு, குறை சொல்லும்போது மட்டும் 'இது கச்சேரி இல்லை' என்பது என்ன நியாயம்?

வாசிக்க எடுத்துக்கொள்வதையும் பாருங்கள். மொத்ஸார்ட்டின் 'ஃபிகாரோ' முன்னிசை கிளாரினெட் குழுவுக்கான தழுவல்களில் பிரபலமானது. மூலத்தில் வயலின் முதலிய தந்தி வாத்தியங்களும் பஸூன்களும் முணுமுணுப்பாகத் தொடங்கும் அந்த ஓட்டத்தைத் தழுவலில் முதல் வரிசைக்காரர்கள் திணறித் துரத்துகிறார்கள். மெல்ல ஊத வேண்டிய இடமாகையால் சுருதி ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாம் வரிசை சும்மா தாளத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது.

அதே மொத்ஸார்ட்டிடம் வேறு வழி இருந்தது. வியன்னாவில் ஜாக்கின் குடும்பத்து வீட்டில் மாலைகளில் கூடி வாசிப்பார்கள். 1786இல் அந்த வட்டத்துக்காகத்தான் 'கேகெல்ஷ்டாட்' ட்ரையோ எழுதப்பட்டது. ஆன்டன் ஷ்டாட்லர் கிளாரினெட், மொத்ஸார்ட்டே வயோலா. பியானோவில் அந்த வீட்டுப் பெண், மொத்ஸார்ட்டின் மாணவி ஃபிரான்ஸிஸ்கா. மேதைகள் இருவருக்கு நடுவில் ஒரு மாணவி, ஆனால் அவள் பகுதி அவளுடையது. கிளாரினெட் குடும்பத்தைச் சேர்ந்த பேஸட் ஹார்ன் மூன்றுக்கும் மொத்ஸார்ட் சிறு துண்டுகள் எழுதியிருக்கிறார். மூன்று பேர், மூன்று வரி. நம் காலத்துக்கு வந்தால் ஸ்டீவ் ரைஷின் 'நியூயார்க் கவுன்ட்டர்பாயின்ட்' (1985) பதினொரு கிளாரினெட் பகுதிகள் கொண்டது. எல்லாவற்றையும் மேடையில் நேரடியாக வாசிப்பதானால் பதினொரு பேர் தேவை, ஒருவர் வரவில்லையென்றால் தெரிந்துவிடும்.

1970இல் போர்ட்ஸ்மத் கலைக்கல்லூரியில் பிறந்த போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா என்ற ஆர்க்கெஸ்ட்ராவை என் பேச்சுக்கு எதிராக நிறுத்துவார்கள் என்று தெரியும். வாத்தியம் தெரியாதவர்களும் அதில் உண்டு. பிரையன் ஈனோ அதில் கிளாரினெட் வாசித்தார். 1974இல் ராயல் ஆல்பர்ட் ஹாலிலேயே வாசித்தார்கள். ஆனால் ஒத்திகைக்கு வந்தாக வேண்டும், வேண்டுமென்றே தப்பாக வாசிக்கக் கூடாது என்று அவர்களுக்கு விதி இருந்தது. தவறினால் ஊரே கேட்கும்படி தவறினார்கள். அந்தத் துணிச்சலில் கால்வாசி இந்தக் கூடங்களில் இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன்.

ஆளுக்கொரு பகுதி என்றால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள் என்று குழு நடத்துகிறவர்கள் பயப்படுகிறார்கள். சிலர் விலகத்தான் செய்வார்கள், விலகட்டும். மிச்சம் இருப்பவர்கள் அடுத்த நிகழ்ச்சியில் ஃபிகாரோவை விட்டுவிட்டு மூன்று மூன்று பேராக வந்து உட்காரட்டும். பிரேக்கைக் கடக்கத் தெரியாதவருக்கு அதற்குக் கீழே மட்டும் ஒரு வரி எழுதித் தரலாம். அது அவருக்கு மட்டுமேயான வரியாக இருந்தால் சரி. ஒரு மூவர் வாசிக்கும்போது மற்றவர்கள் எதிரே அமர்ந்து கேட்கட்டும், பிறகு இடம் மாறிக்கொள்ளட்டும். கண்டக்டருக்கு அன்று விடுமுறை.