நகரும் முக்கோணம்

செங்கோட்டு மையத்தைக் கரும்பலகையில் நடத்துவது சிரமம். மூன்று குத்துக்கோடுகளையும் துல்லியமாக வரைந்தால்தான் அவை ஒரே புள்ளியில் சந்திக்கும். சாக்பீஸ் சற்று விலகினாலும் தேற்றமே பொய்யாகிவிட்டதுபோலத் தோன்றும். அப்படியே சரியாக வந்தாலும், கிடைப்பது ஒரே ஒரு முக்கோணம்தான்.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் அந்த முக்கோணம் நகர்கிறது. ஓர் உச்சியைப் பிடித்து இழுத்தால் கோடுகளும் கூடவே வருகின்றன. குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே இருக்கும் செங்கோட்டு மையம், ஒரு கோணம் 90 பாகையை எட்டும்போது அந்த உச்சியிலேயே போய் அமர்கிறது. கோணம் இன்னும் விரிந்தால் முக்கோணத்தை விட்டே வெளியேறிவிடுகிறது. அந்த நொடியில் வகுப்பில் எழும் "ஏன் சார்?" என்ற கேள்விதான் எனக்குப் பெரிது. நடுக்கோட்டு மையமோ எப்படி இழுத்தாலும் உள்ளேயே நிற்கிறது. மாணவர்களே இழுத்துப் பார்த்துவிட்டால் இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது ஜியோஜீப்ரா. வகுப்பறைக்கு இலவசம், தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களின் 'இணையச் செயல்பாடு' பக்கங்களிலும் இது இடம்பெற்றுள்ளது.

கண்ணைப் பறிக்கும் வினாடி வினாச் செயலிகள் பல உண்டு. அவை விடையைச் சோதிக்கின்றன, ஜியோஜீப்ரா யோசிக்க வைக்கிறது. கணக்காசிரியர்களே, பாடநூலின் அந்த 'இணையச் செயல்பாடு' பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மவுஸை மாணவர் கையில் கொடுங்கள்.