யாருடைய கோடை? நீலகிரி ட்ரவுட் எழுத்துகள் பற்றிச் சில குறிப்புகள்

நீலகிரி பற்றிய பயணக் கட்டுரைகளில் அடிக்கடி ஒரு வரி தட்டுப்படும். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி பக்கம் ட்ரவுட் மீன் இருக்கு, கோடையில போனா குளுகுளுன்னு ஓடைக்கரையில் தூண்டில் போடலாம் என்கிற மாதிரி. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் யாரும் தூண்டிலோடு நுழைய முடியாது என்பதைக் கூட இவற்றில் பல சொல்வதில்லை. அது கிடக்கட்டும். எனக்கு உறுத்துவது 'கோடை' என்ற சொல். எந்த மாசம்? எந்த ஆத்துல? தண்ணி எத்தனை டிகிரி? இதில் ஒன்று கூட இல்லாமல் எழுதப்படுவதுதான் இந்த வகை எழுத்தின் அடிப்படைக் கோளாறு. அந்தக் கோளாறுக்கு வயசு நூறு தாண்டிவிட்டது என்பது என் கணிப்பு.

ஃபிளை ஃபிஷிங் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம கண்மாய்ல தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோர்த்து, தக்கை அசையுதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். அங்கே முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி ஒரு பூச்சி மாதிரி செய்வார்கள். அதுதான் 'ஃபிளை'. அதற்கு எடையே கிடையாது, தூக்கி எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் தடிமனான கயிற்றின் எடையை முன்னும் பின்னும் சுழற்றி, அந்த வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் தண்ணீர் மேல் வைக்கணும். மீன் ஏமாற வேண்டுமென்றால் நீரோட்டம், வெளிச்சம், வெப்பம், அன்றைக்கு எந்தப் பூச்சி பறக்கிறது என்று எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். அதனாலேயே ஆங்கிலத்தில் 'இந்த வாரம் ஆறு எப்படி இருக்கிறது' என்று எழுதுவது ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்திருக்கிறது.

அந்த எழுத்து பிறந்த இடம் இங்கிலாந்து. ஐசக் வால்டனின் புத்தகம் 1653-ல் வந்தது. மிதக்கும் பூச்சிகளைக் கட்டுவது பற்றி ஹால்ஃபோர்டு எழுதியது 1886. தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கிற, வருஷம் பூரா ஏறத்தாழ ஒரே மாதிரி தெளிவாக ஓடுகிற ஆறுகள்தான் இவர்களின் உலகம். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் அங்கே மேஃபிளை என்ற பூச்சி கூட்டமாக எழும். மீன்கள் வெறி பிடித்து மேலே வரும். கோடை என்றால் அவர்களுக்கு அதுதான், கொண்டாட்டம்.

இந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர ஃபிரான்சிஸ் டே 1860-களிலேயே முயன்றார், பலிக்கவில்லை. மேட்டு ஓடைகளில் வெள்ளைக்காரர்களுக்கு 'விளையாட்டு' காட்டுகிற அளவுக்குப் பெரிய மீன் இல்லை என்பதுதான் அவர்கள் குறை. 1879-லேயே நீலகிரியின் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டார்கள். பிறகு ஹெச்.சி. வில்சன் 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பின்புதான் ரெயின்போ ட்ரவுட் நிலைகொண்டது. (பழைய புத்தகங்களில் இதைச் சால்மோ இனம் என்று போட்டிருப்பார்கள். 1989-ல் பசிபிக் சால்மன்களின் ஆங்க்கோரிங்கஸ் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். தேடும்போது ரெண்டு பேரையும் போட்டுத் தேடுங்கள்.) முட்டை கப்பலில் வந்தது. கூடவே கையேடும் வந்தது. முட்டை இங்குள்ள தண்ணீருக்குப் பழகிக்கொண்டது, கையேடுதான் பழகவே இல்லை. எங்க தொழில் பாஷையில் சொன்னால், மாசத்தை ஹார்ட்கோட் பண்ணிட்டாங்க.

எப்படி என்று பாருங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மேற்கு நீலகிரியில் கோடை ஏது? தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பெய்தது. எங்க விருதுநகர் மாவட்டத்துல ஒரு முழு வருஷத்துக்கே அவ்வளவு பெய்தால் அதிர்ஷ்டம். அந்த வெள்ளத்தில் செம்மண் கலங்கி ஓடும்போது இறகுப் பூச்சியை மீன் எப்படிப் பார்க்கும்? அங்கே ஆறு மெலிந்து, தெளிந்து, சூடாவது மார்ச் முதல் மே வரை. ஆங்கிலக் கையேடுகள் ஆகஸ்டுக்குச் சொல்கிற எச்சரிக்கை எல்லாம் நமக்குச் சித்திரை மாசத்துக்குப் பொருந்தும். அவர்கள் மேஃபிளைக் கொண்டாட்டம் நடத்துகிற நாட்களில் இங்கே பருவமழை வாசலில் நிற்கும்.

வெளிச்சமும் அப்படித்தான். ஆங்கிலக் கோடை எழுத்தில் பாதி அந்தி நேரம் பற்றியது. ஜூனில் தெற்கு இங்கிலாந்தின் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். சூரியன் விழுந்த பிறகும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் தங்கும். அந்த நீண்ட மங்கலில்தான் பெரிய மீன் மேலே வரும் என்பார்கள். ஊட்டியில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். சூரியன் மறைந்து 20 நிமிஷம் கடந்தால் இருட்டு. காட்டெருமை நடமாடும் இடத்தில் அந்த இருட்டில் ஓடைக்கரையில் நிற்கச் சொல்லும் கையேட்டை என்னவென்று சொல்வது! 'நிழல் விழும் கரையில் வீசு' என்பதும் அப்படியே. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் அங்கே நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல். கரை நிழல் என்று ஒன்று விழாது.

இனி வெப்பம். ட்ரவுட்டுக்குச் சுகமான நீர் ஏறக்குறைய 10 முதல் 16 டிகிரி செல்சியஸ். 20-ஐத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டி வை என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. 25-ஐ நெருங்கினால் மீனின் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, அதே நேரம் மீனின் தேவை கூடுகிறது. கடல் மட்டத்தில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் 9.1. இதோடு உயரத்தையும் சேர்க்க வேண்டும். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல 79 சதவீதம்தான். எனவே அங்கே 20 டிகிரி நீரில் கிடைப்பது 7.2 அளவில் நிற்கும். கடல் மட்டத்தில் 33 டிகிரி நீரில் இருக்கும் ஆக்சிஜன் அது! கொலராடோ மலைகளிலும் இதே உயரத்தில் ட்ரவுட் வாழ்கிறது, அங்கும் 20 விதியைத்தான் சொல்கிறார்கள். அதனால் மீன் உடனே செத்துவிடும் என்று அர்த்தமில்லை. கையில் இருக்கும் மிச்சம் குறைவு, அவ்வளவுதான். பாறையில் மோதி நுரைக்கும் ஓட்டத்தில் மீன் சமாளிக்கும், தேங்கிய மடுவில் திணறும். பிடித்துப் போட்டோ எடுத்து விட்டுவிட்டால் பாவமில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சூடான நீரில் போராடிக் களைத்த மீன் நீந்திப் போன பிறகும் சாகக்கூடும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஆற்றின் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 23 டிகிரி அளவைத் தொட்டால், பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை வரலாம். இது எங்களுக்கு அந்நியமான புத்தி இல்லை. சிவகாசிப் பக்கம் மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடிக்கத்தான் பார்ப்பார்கள். வெப்பமானியைப் பார்த்து வேலை நேரத்தை முடிவு பண்ணுவது என்ன என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் மீன் விஷயத்தில் எங்க ஊர் வழக்கம் நேர் எதிர். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா, வலையோடு மொத்த ஊரும் இறங்கும். ஒரு கெண்டை மிஞ்சாது. ட்ரவுட்காரர் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளத் தேவையில்லை. வற்றும் கண்மாயில் மிஞ்சுகிற மீன் எப்படியும் சேற்றில் சாகப்போகிறது. விராலும் தேளியும் காற்றையே சுவாசித்துக் கொஞ்ச நாள் தள்ளும், மற்றது தாங்காது. அடுத்த மழையில் வரத்துக்கால் வழியாகப் புதுக் குஞ்சு வரும். வற்றாத ஓடையில் கோடையைத் தாண்டுகிற ட்ரவுட் வேற கணக்கு, அடுத்த வருஷக் குஞ்சுக்குத் தாய் அதுதான். இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பயணக் கட்டுரைகளை விடுங்கள், சூழலியல் கட்டுரைகளும் 'வெளிநாட்டு மீன்' என்ற ஒரே சொல்லோடு கடந்துவிடுகின்றன. அந்தச் சொல் உண்மைதான். ட்ரவுட் இங்குள்ள பூச்சியையும் தலைப்பிரட்டையையும் தின்கிற வந்தேறி. ஆனாலும் அது மலை ஓடைக்கு ஒரு உயிருள்ள வெப்பமானி. அதை வாசிக்காமல் விடுவது நஷ்டம்.

ஏரி என்று எழுதுகிறார்களே, அப்பர் பவானி, அவலாஞ்சி, எமரால்டு எல்லாமே 1960-களில் கனடா உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டத்தின் அணைகள். கோடையில் மேல்நீர் சூடாகி, கனமான குளிர்ந்த நீர் அடியில் தங்கும். மீன் ஆழத்துக்குப் போய்விடும், மேலே மிதக்கும் பூச்சியை எட்டிப் பார்க்காது. நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் மின்வாரியத்தின் தேவைப்படி. அப்பர் பவானித் தண்ணீர் சுரங்கக் குழாய் வழியாக அவலாஞ்சிப் பக்கம் போகிறது, அங்கிருந்து குந்தாவுக்கு. ஆக, அணைக்குக் கீழே பழைய ஆற்றுப் படுகையின் 'கோடை நிலவரம்' வானத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல.

ஓடைக்கு வருவோம். மழையில்லாத மாசங்களில் அங்கே தண்ணீர் ஓடக் காரணம் மேலே உள்ள புல்வெளியும் சோலையும். மழையை மண்ணில் இழுத்து வைத்து மெதுவாக விடும். அந்தப் புல்வெளியில்தான் தைல மரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். கிளென்மார்கனில் மண்வள ஆய்வாளர்கள் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் தைல மரம் நட்டார்கள். 1988-ல் வெளியான முடிவின்படி முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பக்கம் ஆண்டு நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. நீர் மெலிந்தால் சீக்கிரம் சூடாகும், மடு தேங்கும். ட்ரவுட்டின் சித்திரை மாசம் எப்படி இருக்கும் என்பதை, தூண்டில் எழுத்தாளர் யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மேட்டுப் புல்தான் முடிவு செய்கிறது.

இந்தக் கூட்டத்தில் நான் மதிப்போடு படிக்கிறவர் ஹெச்.எஸ். தாமஸ். மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். 'தி ராட் இன் இந்தியா' 1873-ல் வந்தது. ட்ரவுட்டுக்கு ஏங்காமல், இங்குள்ள மஹ்சீரைச் சால்மனுக்கு மேலாக வைத்தார். ஆற்றில் நஞ்சு கலப்பதையும் குஞ்சுகளை வாரி அழிப்பதையும் எதிர்த்து எழுதினார். வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது. தோட்டா போட்டு மீன் பிடிப்பது என்றால் என்னவென்று வெடிமருந்து ஊர்க்காரனுக்கு விளக்கத் தேவையில்லை. அவர் புத்தகத்திலும் துரைத்தனம் நிறைய உண்டு, ஆனால் கண்ணெதிரே ஓடுகிற ஆற்றைப் பார்த்து எழுதினார். நீலகிரிக் கோடை பற்றி இனி எழுதுகிறவர்கள் அந்த அளவுக்குச் செய்தால் போதும்: ஓடையின் பேர், தேதி, காலை ஆறு மணிக்கும் பகல் ரெண்டு மணிக்கும் தண்ணீரின் டிகிரி. வெப்பமானி ஒன்றும் பெரிய விலையில்லை.