ஜான் மெக்லாக்லினின் கித்தார்: கலப்பிசையை மதிப்பிடும் அளவுகோல்

முன்னுரை

‘கலப்பிசை’ என்னும் சொல் இன்று புகழ்ச்சியாகவும் இகழ்ச்சியாகவும் ஆளப்படுகின்றது. மேலைக் கருவி ஒன்றும் மிருதங்கமும் ஒரே மேடையில் ஒலித்தால் அதுவே கலப்பு எனக் கொள்வாரும் உளர். அதனாலேயே மரபு கெட்டது என வருந்துவாரும் உளர். இவ்விரு கருத்துகளும் போதுமானவை அல்ல என்பதை மெக்லாக்லினின் ‘சக்தி’ குழு இசை வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

இசைப் பின்னணி

மெக்லாக்லின் 1942இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்தார். தாயார் வயலின் கலைஞர். புளூஸ், ஸ்பானிய ஃபிளமெங்கோ, ஜாஸ் ஆகியவை இவரது இளமைக்கால இசையுலகாய் அமைந்தன. 1969இல் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளில் வாசித்தார். 1971இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வைத் தோற்றுவித்தார். மின்கித்தாரின் பேரொலியால் புகழ்பெற்ற இவர், அக்காலத்திலேயே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். புகழின் உச்சியில் மாணவராக அமர்ந்தமை கருதத்தக்கது.

கருவியில் நேர்ந்த மாற்றம்

கர்நாடக இசையில் சுரம் ஒரு புள்ளியன்று. கமகத்தால் அசைந்து உயிர்பெறுவது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பர். சாதாரணக் கித்தாரில் இதற்கு இடம் குறைவு. ஆகவே, இவருக்கென உருவாக்கப்பட்ட கித்தாரில் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரப்பகுதி குழிவாகச் செதுக்கப்பட்டது. ஒத்ததிரும் ஏழு தந்திகளும் குறுக்காகப் பொருத்தப்பட்டன. இலக்கணத்திற்கேற்பக் கருவியே வளைந்தது எனலாம்.

எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபேலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாடு ராகவனின் மிருதங்கம் ஆகியவற்றோடு 1975இல் மேடையில் பதிவாகி, 1976இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மேலை இசையின் சுரக்கோவை ஆட்சி பெரிதும் பின்னொதுங்கியது. இன்னிசை வரியே முன்னின்றது. உபபக்கவாத்தியமாகவே கருதப்பட்ட கடம் இங்குச் சமநிலை பெற்றது. அதே ஆண்டின் இரண்டாம் இசைத்தட்டில் ஓர் உருப்படி கொன்னக்கோலுடன் தொடங்குகின்றது.

குறையும் நிறையும்

குறைகளும் இல்லாமல் இல்லை. இராகத்தை ஆறஅமர விரித்துக் காட்டும் ஆலாபனைப் பொறுமை இவ்விசையில் அரிது. வினாவும் விடையுமாய்ச் செல்லும் பகுதிகளில் விரைவே வெற்றியாகிவிடுகின்றது. கேட்போர் வியக்கின்றனர், ஆயின் இராகச் சாயல் நெஞ்சில் தங்குவதில்லை. 1977ஆம் ஆண்டு இசைத்தட்டில் உருப்படிகள் மேலும் சுருங்கின. எனினும், பின்னாளில் ‘ரிமெம்பர் சக்தி’யில் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் இணைந்தபோது இச்சந்திப்பு புதுப்பொருள் பெற்றது. மேலைக் கருவியைக் கர்நாடக இசைக்கு முழுதும் உரியதாக்கியவர் அவர். 2014இல் அவர் மறைந்தார். 2023இல் வெளிவந்த ‘திஸ் மொமெண்ட்’ இசைத்தட்டு 2024இல் கிராமி விருது பெற்றது.

முடிவுரை

எத்தனை மரபுகள் சேர்ந்தன என்று எண்ணுவது கலப்பிசைக்கு அளவுகோலாகாது. சேர்வதற்காகக் கலைஞர் எதைக் கற்றார், எதை விட்டுக்கொடுத்தார் என வினவுவதே தக்கது. மெக்லாக்லின் சுரக்கோவையின் முதன்மையை விட்டார், கமகத்தைக் கற்றார், கருவியையும் மாற்றினார். விரைவை மட்டும் அவரால் விட இயலவில்லை. அவரது சாதனையும் எல்லையும் இதனால் ஒருங்கே புலனாகின்றன.