எக்லிஸே: சர்க்யூட் இல்லாத டிம்மர்

பெயின்ட் அடித்த மூன்று உலோகக் கூடுகள், ஒரு பல்ப், வயரில் ஒரு சுவிட்ச். எக்லிஸே மேசை விளக்கில் இவ்வளவுதான் இருக்கிறது. கீழ்க்கூடு பீடம். மேலே உள்ள இரண்டில் வெளிக்கூடு அசையாது. உள்கூடு பல்பைச் சுற்றிச் சுழலும். அதை விரலால் தள்ளித்தான் வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்.

மிலானின் கட்டடக் கலைஞர் வீகோ மஜிஸ்த்ரெத்தி 1960களில் ஆர்ட்டெமீதே நிறுவனத்துக்காக வடிவமைத்தது இது. 1967இல் இத்தாலிய வடிவமைப்பின் பெரிய விருதான கொம்பாஸோ தோரோவைப் பெற்றது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கிய விக்தோர் ஹ்யூகோ நாவலில் ஜான் வல்ஜான் கையில் ஒரு மூடி லாந்தர் இருக்குமே, யோசனை அதிலிருந்து வந்ததாக மஜிஸ்த்ரெத்தியே சொல்லியிருக்கிறார்.

முழுக்கத் திறந்தால் வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கிறது. பாதி மூடினால் சுவரில் சாய்வாக விழுகிறது. கடைசிவரை தள்ளினால் விளிம்பில் மெல்லிய ஒளிக்கீற்று மட்டும் மிஞ்சும். இரவில் தண்ணீர்ச் செம்பைத் தேட அது போதும், பக்கத்தில் படுத்திருப்பவர் தூக்கமும் கெடாது. இதில் படி, நிலை என்று எதுவும் கிடையாது. வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எத்தனையோ ‘ஸ்மார்ட்’ விளக்குகளில் எனக்குக் கிடைக்காத வசதி இது.

இதில் மங்குவது வெளிச்சம்தான், மின்சாரம் அல்ல. குண்டு பல்ப் காலத்தில் அதுவே இதன் பலவீனம். 25 வாட் பல்பை மூடி வைத்தால் வெப்பம் எங்கே போகும்? உலோகக் கூட்டில்தான் ஏறும், அந்தக் கூட்டைத்தான் விரலால் தள்ளவும் வேண்டும். எல்.இ.டி. வந்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. அது மட்டுமல்ல, எலெக்ட்ரானிக் டிம்மரில் மாட்டினால் மினுக்கும் மலிவான எல்.இ.டி. பல்ப்கூட இதில் ஒழுங்காக எரியும், ஏனென்றால் அதற்குப் போகும் மின்சாரத்தில் யாரும் கை வைப்பதில்லை. வடிவமைத்தவர் காலத்தைவிட இந்த விளக்கு இப்போதுதான் நன்றாக வேலை செய்கிறது என்பேன்.

பல்ப் வாங்கும்போது கவனம் தேவை. நம் வீடுகளில் பழகிய பின் பல்ப் இதில் சேராது. ஈ14 எனும் சிறிய திருகு வகை வேண்டும். பால் வெள்ளைக் கண்ணாடி போட்ட குட்டை உருண்டையாக, 2700 கெல்வின் மஞ்சள் ஒளியாகப் பார்த்து வாங்குங்கள். தெளிந்த கண்ணாடி பல்ப் போட்டால் கண் கூசும்.

படிப்பதற்கு இது தோதான விளக்கு அல்ல. உயரம் 18 செ.மீ.தான், மடியில் இருக்கும் புத்தகத்தின் மேல் வெளிச்சம் இறங்காது. அந்த வேலைக்கு அதே நிறுவனத்தின் டொலோமியோ இருக்கிறது. மிகேலே தெ லுக்கியும் ஜான்கார்லோ ஃபஸ்ஸீனாவும் 1980களில் செய்த ஸ்பிரிங் கை விளக்கு அது. தலையைப் பக்கத்தின் மேலேயே கொண்டுவந்து நிறுத்தலாம். எழுத்து மேசைக்கு அதை வாங்குங்கள், கட்டில் பக்கத்துக்கு இதை. விலை இரண்டுக்குமே கனம்தான். மலிவாகக் கிடைக்கும் நகல்களில் ஆசை வைத்தால், கடையிலேயே உள்கூட்டை ஒரு சுற்று சுழற்றிப் பாருங்கள். விட்ட இடத்தில் நிற்காமல் நழுவினால் வாங்காதீர்கள்.