பழகும் கண்ணாடி

சாலாக் செலாத்தானில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையின் பின்சுவரில் எப்போதும் நான்கைந்து பழைய விண்ட்ஸ்கிரீன்கள் சாய்ந்து நிற்கும். யாருக்கும் வேண்டாதவை. அங்கே வேலை செய்யும் தம்பி அவற்றில் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, வேண்டுமென்றே அதில் ஓட்டை போட்டு, பிறகு ரெசின் என்ற பிசினால் அந்த ஓட்டையை இல்லாமல் ஆக்குவார். ஒரு சனிக்கிழமை காலை முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சேரிக்குப் போகாமல், பாடகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாதகத்தைக் கேட்ட சுகம்.

பெஸ்ராயா நெடுஞ்சாலையில் மணல் லோரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கைவேலையின் அருமை தெரியும். ‘டக்’கென்று ஒரு சத்தம். கண்ணாடியில் மிளகளவு குழி, அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். உடனே கவனித்தால் சின்ன வேலை. விட்டால், ஒரு வெயிலுக்கும் ஒரு மழைக்கும் நடுவே அது கோடாக ஓடிவிடும். முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டியதுதான்.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் தடிப்பில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெடிக்டஸ் அடுக்குக் கண்ணாடிக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். சிறு கல் உடைப்பது வெளிக் கண்ணாடியை மட்டுமே; அடி படலத்தோடு நின்றுவிடும். பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி அப்படியில்லை. சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்து இறுக்கியது அது. உடைந்தால் கற்கண்டாக உதிரும். ஆகவே கை பழக முன்கண்ணாடிதான் வேண்டும். மேசைக் கண்ணாடியில் பழகியவருக்கு மேசைக் கண்ணாடிதான் தெரியும்.

கிடைப்பது சிரமமில்லை. கழற்றிய கண்ணாடி கடைக்காரருக்குத் தொல்லை. படலத்தைப் பிரிக்காமல் அதை மறுசுழற்சிக்கு அனுப்ப முடியாது. தௌக்கேயிடம் பணிவாகக் கேட்டால் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார். பழைய கார்களைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் நல்ல கண்ணாடிக்கு விலை உண்டு, அங்கே உடைந்ததைத்தான் கேட்க வேண்டும். தம்பி முதலில் பார்ப்பது ஓரத்தை. பால் படிந்தது போல் வெளுத்திருந்தால் படலம் விட்டுப்போயிருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார். ஒரு பக்கம் நீள விரிசல் இருந்தால் பாதகமில்லை, மறுபாதி போதும். கண்ணாடியை மேசையில் படுக்கப் போடமாட்டார். காரில் இருக்கும் அதே சரிவில் நிறுத்துவார். கருவி தொங்குகிற கோணத்தைக் கை அறிய வேண்டுமே.

குழி போடுவது தனி வித்தை. கூரான பஞ்ச் நட்சத்திரம்போல் கால் பரப்பும். எஃகுக் குண்டு விழுந்தால் வட்டம் கிடைக்கும். மேலே சிறுவாயும் அடியில் அகன்ற வட்டமுமாக ஒரு கூம்பு. ரேடியோ அலைகள் இருப்பதை நிரூபித்த அதே ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ், 1880களின் தொடக்கத்தில் இரு பொருள்கள் அழுந்தித் தொடும்போது நடப்பதை ஆராய்ந்தார்; அதனால் இதற்கு ஹெர்ட்ஸ் கூம்பு என்றே பெயர். சாலாக் செலாத்தான் பட்டறையில் அதைப் பார்த்தபோது மனம் நிறைந்துபோனது.

“அண்ணே, நாம போட்ட ஓட்டை சுத்தமா இருக்கும், ரெசின் தானா ஓடிப் போய் உக்காந்துக்கும். ரோட்டுல வாங்குன அடியில மழைத் தண்ணி, மெழுகு, தூசி எல்லாம் இருக்கும். அதுலதான் கை தெரியும்” என்றார் தம்பி. அதற்காகவே சாலையில் கல்லடி பட்டு, சரிசெய்யாமல் கிடந்த கண்ணாடிகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். என் கணிப்பிலும் தேர்ச்சிக்கு அதுவே அளவுகோல்.

உறிஞ்சு கிண்ணத்தால் பிரிட்ஜ் என்ற தாங்கியைக் கண்ணாடியில் பொருத்தி, இன்ஜெக்டரைக் குழியின் வாயில் இறக்கி, ஒரு சொட்டு ரெசின். முதலில் காற்றை இழுக்கிறார், பிறகு அழுத்துகிறார், மறுபடி இழுக்கிறார். அந்த வட்டம் கறுப்பாகத் தெரிந்ததே உள்ளே அடைபட்ட காற்றால்தான். ரெசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு மிக அருகில் இருப்பதால், அது நிறைந்த இடத்தில் ஒளிக்குத் திரும்ப வழியில்லை. நான் ஸ்டாண்டுக்குக் கீழே குனிந்து, மேல் நோக்கிப் பார்த்தேன். கறுப்பு ஓரத்திலிருந்து கரைந்து, பிறைபோல் மெலிந்து, கடைசியில் ஒரு குமிழாகச் சுருங்கி, அதுவும் போய்விட்டது. பின்னால் இருந்த பப்பாளி மரம் அந்த இடத்தின் வழியாகத் தெரிந்தது. காரில் இந்தக் காட்சி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. உள்ளே சிறு ஆடி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெயில் இந்த வேலைக்குப் பகை. ரெசின் இறுகுவது புற ஊதா ஒளியில். வெட்டவெளியில் செய்தால் விரிசலின் நுனிக்குப் போகுமுன்பே பாதியில் இறுகிவிடும். சுட்ட கண்ணாடியில் அழுத்தம் கொடுத்தால் விரிசல் ஓடும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் ஓடும். இதையெல்லாம் வாடிக்கையாளரின் காரில் கற்றுக்கொள்ளக் கூடாது. தம்பி சரிசெய்த பழங்கண்ணாடியை நடு மத்தியானம் வெயிலில் வைத்து, மேலே குளிர்ந்த தண்ணீரைக் கொட்டிச் சோதிக்கிறார். தாங்காத கண்ணாடிகளின் மேல் மார்க்கர் பேனாவில் காரணம் எழுதியிருக்கிறார்: ‘ஈரம்’, ‘காற்று’, ‘அவசரம்’. ‘அவசரம்’ என்று எழுதியவைதான் அதிகம்.

ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக உள்ள அடியை அவர் தொடமாட்டார். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் லேசான தழும்பு மிஞ்சும், இரவில் எதிர்விளக்கு அதில் சிதறும் என்பதால். வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு மதிப்பு இன்னும் கூடியது.

உங்கள் காரில் கல் பட்டால், தண்ணீரும் தூசியும் புகாமல் அந்தக் குழியின்மேல் அப்போதே ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுங்கள். கண்ணாடியையே மாற்ற நேர்ந்தால், பழையதைக் கை பழகுகிற யாருக்காவது கொடுக்கும்படி கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.